என் மனைவியின் வக்கீல்

யூனியன் ஆபீசில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். அந்த முப்பத்து நாலு வருடத்தில் சட்டத்தை நான் படித்ததில்லை. சட்டம் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் நான்தான் சட்டம் தெரிந்த ஆள். பட்டா மாற வேண்டும், முதியோர் பென்சனுக்கு மனு எழுத வேண்டும், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி புரியவில்லை என்று யாராவது காலையில் கேட்டைத் தட்டுவார்கள். நான் காகிதத்தை வாங்கிக் கையை நீட்டி எட்டப் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன். பிறகு, "இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்பேன். சிக்கல் இல்லாத காகிதத்தையும் நான் அப்படித்தான் தொடங்கி வைப்பேன். இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை யார் வருவார்கள்?

நாங்கள் குடியிருக்கும் வீடு என் மனைவி பேரில் இருக்கிறது. அவள் அபிராமத்துப் பெண். மிளகாயும் பருத்தியும் விளையும் கரிசல் நிலம் உள்ள குடும்பம். எழுபதுகளின் நடுவில் என் மாமனார் ராமநாதபுரத்துக்கு வெளியே, அப்போது வெறும் உடைமுள் காடாகக் கிடந்த பக்கத்தில், ஒரு மனை வாங்கி அதை மகளுக்குத் தானமாக எழுதி வைத்தார். பத்திர எழுத்தரிடம் போகலாம் என்றார் அவர். "எதுக்கு மாமா வெளி ஆளு? நான் எழுதுறேன்" என்றேன் நான். சர்க்காரில் சேர்ந்து சில வருடமே ஆன மாப்பிள்ளை இப்படிச் சொன்னால் எந்த மாமனார்தான் மறுப்பார்? மாமனார் வாங்கிய பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பழைய பத்திரத்தின் நடை எனக்குப் பிடிக்கவில்லை. கட்டைவண்டிக் காலத்துத் தமிழ் என்று நினைத்து, ஆங்காங்கே திருத்தி நவீனப்படுத்தினேன். கடைசிப் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பிறகு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் அந்தப் பத்திரத்தை அடமானம் வைத்து வீடு கட்டினோம். தவணை கட்டிக் கட்டி, நான் ஓய்வு பெறும்போது அது முடியும் தறுவாயில் இருந்தது. வீட்டுக்கு வயதாகியிருந்தது. ஐப்பசி மழைக்கு மேல்தளம் ஒழுகும். மனைவி நடுக்கூடத்தில் ஒரு குண்டானும் அடுப்படியில் இரண்டு வாளியும் வைப்பாள். "இந்தத் தளத்த ஒரு தடவ ஒழுங்காப் போட்டுட்டா போதும்" என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று, நான்கு வருடம் இருக்கும். என்னோடு வேலை பார்த்து, எனக்கு முன்பே விருப்ப ஓய்வில் போன சிநேகிதர் ஒருவர் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தளம் எழும்பி நின்றது. மேலே கட்டக் கைவசம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் என்னை வரச்சொல்லி, கம்பி நீட்டிக்கொண்டிருந்த மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டினார்.

"அண்ணே, வடக்க இருந்து யாத்திரைக்கு வர்றவுகளுக்கு ரூம் கிடைக்கல. கூட்டுக்கு வாங்க. கணக்கு வழக்கு, லைசென்சு, ஆபீசு வேலை எல்லாம் நீங்க பாத்துக்கங்க. உங்களுக்குத் தெரியாத சட்டமா?"

கடைசி வரியோடு நான் விழுந்துவிட்டேன். பாம்பன் பாலத்தில் பஸ் திரும்பி வரும்போது என் மனதில் ஒரு மேஜையும் அதில் என் பெயர்ப் பலகையும் வந்துவிட்டன. பஸ்ஸில் பக்கத்து ஆள் எங்கே வேலை என்று கேட்டதற்கு, "லாட்ஜ் வச்சிருக்கேன்" என்று சொல்லியே விட்டேன்.

வழியும் சிநேகிதரே காட்டினார். மதுரையில் ஒரு நிதி நிறுவனம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் மிச்சம் இருக்கும் கடனை அவர்களே அடைத்துப் பத்திரத்தை மீட்டு, அதே வீட்டைத் தங்களிடம் அடமானமாக வைத்துக்கொண்டு பெரிய கடனாகக் கொடுப்பார்கள். வட்டியும் குறைவு. நான் போய்ப் பார்த்தேன். குளிரூட்டிய அறை. டை கட்டிய மேலாளர் என்னை 'சார்' என்றார். எங்கள் கம்பெனி வக்கீலே பத்திரத்தின் நகலைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், வீடு உங்கள் மனைவி பேரில் இருப்பதால் அவர் கையெழுத்து மட்டும் வேண்டும் என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தந்தார். ஆங்கிலத்தில் இருபது பக்கம். பின்னால் தமிழ் மொழிபெயர்ப்பு பின் அடித்திருந்தது. நான் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட இடத்தைத் துடைத்துவிட்டு, காகிதத்தைப் பரப்பினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பேனாவை எடுக்கவில்லை. தமிழ்ப் பக்கத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எதையும் எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படிப்பாள். நான் விசிறியால் விசிறிக்கொண்டு இருந்தேன். முக்கால்வாசியில் நிறுத்தினாள்.

"ஏங்க, இங்கன ஒண்ணு போட்டிருக்கே. 'இக்கடன் குறித்து எனது கணவரையும் நிறுவனத்தையும் சாராத சுயேச்சையான சட்ட ஆலோசனை பெற்றுக்கொண்டேன் என உறுதி கூறுகிறேன்'னு. நான் எங்க பெத்தேன்?"

"அது சும்மா சடங்குக்குப் போட்டிருக்கான். எல்லாப் பாரத்துலயும் இருக்கும்."

"பெறாததப் பெத்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீக."

"சட்டம்னா நான் சொல்றேன், கேளு. என்ன வேணும் உனக்கு?"

அவள் காகிதத்தில் விரலை வைத்தாள். "'கணவரைச் சாராத'ன்னு போட்டிருக்கு."

அன்றைக்கு நான் கோபப்பட்டேன். ஊரே என்னிடம் யோசனை கேட்க வருகிறது, பெண்டாட்டிக்கு மட்டும் நான் ஆகவில்லையா என்றேன். என்னை நம்பவில்லையா என்றேன். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் என்ன குறை வைத்தேன் என்று தொடங்கி, அவள் பதிலே சொல்லாததால், குறைகளை நானே ஞாபகப்படுத்திக்கொண்டு பாதியில் நிறுத்தினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, "கோர்ட்டு ரோட்டுல ஒரு வக்கீலம்மா இருக்காகளாம். ரவிக்க தைக்கிற அக்காவுக்கு வீட்டுக் கேசு முடிச்சுக் குடுத்தாகளாம். நான் போயிட்டு வாரேன். வர்றதுன்னா வாங்க" என்றாள்.

போனேன். அவள் தனியாகப் போனால் விஷயத்தைச் சரியாக எடுத்துச் சொல்ல மாட்டாள் என்பது என் எண்ணம். காகிதக் கட்டு, வீட்டுப் பத்திரத்தின் நகல், மாமனாரின் பழைய பத்திரம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நானே தூக்கிக்கொண்டேன்.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். வக்கீலம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் போட்டிருந்தார். நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது மேடம், விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"சார், கடன் யாருக்கு?"

"எனக்கு. அதாவது நானும் சிநேகிதரும் நடத்தப்போற லாட்ஜுக்கு."

"வீடு?"

"இவ பேர்ல."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க சார்."

"நான் இவளோட வீட்டுக்காரர்."

"தெரியுது சார். அதுனாலதான் சொல்றேன்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே மரப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தொண்டிக்காரர், மீன் வியாபாரம், பாகத் தகராறு விஷயமாக வந்திருக்கிறார் என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. உள்ளே கதவு மூடியிருந்தது. பேச்சுச் சத்தம் வரும், வார்த்தை புரியாது. இரண்டு முறை வக்கீலம்மா சிரிப்பது கேட்டது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"உள்ள இருக்கிறது வீட்டுக்காரம்மாவா?" என்றார் தொண்டிக்காரர்.

"ஆமா."

"உங்கள வெளிய போகச் சொல்லிட்டாக."

"ஆமா."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஜீவனாம்சக் கேசா?" என்றார்.

நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மடியிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இந்த வயசுல இதெல்லாம் வேணாம்ணே. அவுக என்ன கேக்குறாகளோ அதுக்குச் சரின்னு சொல்லிட்டுச் சேந்து போங்க. எம் மச்சான் ஒருத்தன் வீம்பு புடிச்சு இன்னைக்கு ஓட்டல்ல சாப்புட்டுக்கிட்டு இருக்கான்." இது கடன் விஷயம் என்று நான் விளக்க விளக்க, அவருக்கு என் மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பேசாமல் கடலையைத் தின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பத்திரங்கள் மேஜையில் விரிந்து கிடந்தன. மனைவியின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"உங்க சம்சாரம் எதச் சொல்லச் சொன்னாகளோ அத மட்டும் சொல்றேன் சார். மத்தது எனக்கும் அவுகளுக்கும் உள்ளது" என்று ஆரம்பித்தார் வக்கீலம்மா. மற்றது என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினான்காம் பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரு பத்தி. இந்தக் கடனுக்கு மட்டுமல்ல, லாட்ஜ் கூட்டு நிறுவனமோ அதன் பங்குதாரர் எவருமோ இந்த நிதி நிறுவனத்தில் இதுவரை வாங்கிய, இனிமேல் வாங்கப்போகிற எல்லாக் கடனுக்கும் இந்த வீடு ஈடு என்று அது சொன்னது. அதாவது சிநேகிதர் நாளைக்குத் தன் பேரில் லாரி வாங்கினாலும் எங்கள் வீடு அதற்குப் பொறுப்பு. "இதுக்கு ஒரு வரம்பு வேணும். இந்தக் கடனுக்கு மட்டும்னு மாத்திக் குடுத்தா உங்க சம்சாரம் யோசிக்கலாம். மாத்தலன்னா போட வேண்டாம்னு என் அபிப்பிராயத்தச் சொல்லிட்டேன். முடிவு அவுகளோடது."

நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்தப் பத்தியைப் படித்தேன். சிக்கல் இருந்தது. நான் பார்க்காத சிக்கல்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அவர். "அம்மா, நான் கேட்டத இவுக முன்னால ஒரு தடவ சொல்லுங்க. உங்க வாசலுக்கு நேரா என்ன இருக்கு?"

"ரோடு" என்றாள் மனைவி. "முந்தி வண்டிப்பாதை."

"எந்தப் பக்கம்?"

"கிழக்க. வெயிலு நேரா வாசல்லதான அடிக்கும்."

"பின்னால?"

"ஊருணி. மேற்க."

வக்கீலம்மா இரண்டு பத்திரத்தையும் என் பக்கம் திருப்பி வைத்தார். மாமனாரின் பழைய பத்திரத்தில், மனையின் நான்கு எல்லை சொல்லும் இடத்தில், 'ஊருணிக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு' என்று இருந்தது. ஊருணிக்குக் கிழக்கே, பாதைக்கு மேற்கே இருக்கிறது மனை என்று அதற்குப் பொருள். அதைத்தான் நான் கட்டைவண்டித் தமிழ் என்று நினைத்து, 'கிழக்கு: ஊருணி, மேற்கு: வண்டிப்பாதை' என்று பளிச்சென்று அட்டவணை போட்டிருந்தேன். வடக்கும் தெற்கும் அதே கதிதான். நாலு திசையும் தலைகீழ்.

"இந்தப் பத்திரத்துல சொல்லியிருக்கிற மனையில உங்க வீடு இல்ல. சங்கத்துலயும் பாக்கல, நிதிக் கம்பெனி வக்கீலும் பாக்கல. காகிதத்தக் காகிதத்தோட ஒப்பிட்டாங்களே தவிர, வாசல் எந்தப் பக்கம்னு வீட்டுல இருக்கிறவுகளக் கேக்கல. கோர்ட்டுக்குப் போனா எழுத்துப்பிழைன்னு சொல்லிக்கலாம். ஆனா எதுக்குப் போகணும்? இப்பவே திருத்திருங்க. யாரு சார் எழுதுனது இத?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதுதான் மிக வேகமானது. "அந்தக் காலத்துல ஒரு பத்திர எழுத்தர் இருந்தாரு மேடம். போய்ச் சேந்துட்டாரு."

மனைவி மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'தயாரித்தவர்' என்ற இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

திரும்பி நடந்து வரும்போது மனைவி பத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மார்க்கெட்டில் நின்று சீலா மீன் வாங்கினாள். வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தாள். பரிமாறும்போது, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை.

மதுரைக்குப் போய் அந்தப் பதினான்காம் பக்கத்துப் பத்தியை மாற்றித் தரச் சொன்னேன். மேலாளர், இது எல்லோருக்கும் ஒரே பாரம்தான், ஒருவருக்காக மாற்ற முடியாது என்றார். இந்த முறை 'சார்' சொல்லவில்லை. சிநேகிதர் அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து, என்னிடம் பேசுகிற மாதிரி அடுப்படிக்குக் கேட்கப் பேசினார்.

"என்னண்ணே, மதினிக்கு என் மேல நம்பிக்க இல்லையா? இருவது வருசமா இந்த வீட்டுல காப்பி குடிச்சிருக்கேன்."

நான் விசிறியைத் தேடினேன். மனைவியே காப்பியோடு வெளியே வந்தாள்.

"உங்கள நம்பலன்னு யாரு சொன்னது தம்பி? இன்னும் இருவது வருசம் வந்து குடிங்க. நாளைக்கு எங்க எம்புட்டுக் கடன் வாங்குவீகன்னு உங்களுக்கே தெரியாது. உங்களுக்கே தெரியாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

அவர் காப்பியைக் குடித்தார். கோபமாகத்தான் போனார். ஆனால் குடித்துவிட்டுத்தான் போனார்.

லாட்ஜ் கைவிட்டுப் போனதைவிட, பத்திரத்தைத் திருத்துவது எனக்குப் பெரிய வேதனையாக வந்து நின்றது. எழுதிக் கொடுத்த மாமனார் இல்லை, மாமியாரும் இல்லை. ஆகையால் அவர்களுடைய இன்னொரு வாரிசு, என் மனைவியின் அண்ணன், வந்து பிழைதிருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரும் நானும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. காரணம் நான்தான். அவர் ஊரில் ஒரு தோட்டம் வாங்கி விருந்து வைத்தபோது பந்தியில் நாலு பேர் முன்னால் பத்திரத்தை வாங்கிப் பார்த்து, 'இதுல ஒரு சிக்கல் இருக்கு மச்சான்' என்று சொல்லிவிட்டேன். அதில் சிக்கல் எதுவும் இல்லை.

அபிராமத்துக்கு நாங்கள் போனபோது மச்சான் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நெடி தாங்காமல் நான் தும்மிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். தும்மல் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ள ஒரு சாக்கு.

"அதாவது நீங்க எழுதுன பத்திரத்துல சிக்கல் இருக்கு" என்றார் மச்சான்.

"ஆமா."

"நாலு திசையும் மாறிப்போச்சு."

"ஆமா மச்சான்."

அவர் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "சரி, எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். எனக்கு உயிர் வந்தது. பையைத் திறக்கப் போனேன். அப்போதுதான் என் மனைவி குறுக்கே வந்தாள்.

"இருங்கண்ணே. வக்கீலம்மா எனக்குத்தான் வக்கீலாம், உங்களுக்கு இல்லையாம். நீங்களும் தனியா ஒருத்தரக் கேட்டுக்கிட்டுப் போடுறதுதான் முறைன்னு சொல்லிவிட்டாக. கேட்டுட்டே போடுங்க."

அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்று இருந்தது எனக்கு. கையெழுத்துப் போடுகிறேன் என்கிறவரை யாராவது வக்கீலிடம் அனுப்புவார்களா? பாதி வீடு தன்னுடையது என்று எவனாவது அவருக்குச் சொல்லிக் கொடுத்தால்? எட்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. அந்த எட்டு நாளும் காலையில் மனுவோடு வந்தவர்களை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். எல்லோருக்கும் வக்கீல் இருந்தார்கள். என் மனைவிக்கு ஒருவர், நிதிக் கம்பெனிக்கு ஒருவர், மச்சானுக்கும் பரமக்குடியில் ஒருவர். இந்த விஷயத்தில் வக்கீல் இல்லாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஒன்பதாம் நாள் மச்சான் வந்து இறங்கினார். ஒரு சாக்கு மிளகாயும் கூடவே இறங்கியது. கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை அவரால்.

"மாப்ளே, எங்க வக்கீலு படம் போட்டுக் காமிச்சாரு. கிழக்க ஊருணி, மேற்க பாதை. அப்படி ஒரு இடம் வேணும்னா, ஊருணிக்கு மேக்கால கெளம்பி, மேற்கயே போயி, மலையத் தாண்டிக் கடலத் தாண்டி உலகத்த ஒரு சுத்துச் சுத்தி, திரும்ப வந்து இந்தப் பாதையில முட்டணுமாம். இந்த வீட்டத் தவுத்து உலகம் பூராத்தையும் எந் தங்கச்சிக்கு எழுதி வச்சிருக்கீக!"

என் மனைவியும் சிரித்தாள். இத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத எந்த நிதிக் கம்பெனி அடமானம் வாங்கும்?" என்றாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எழுத்தர் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். 'மேற்படி பத்திரத்தைத் தயாரித்தவரின் அறியாமையினாலும் கவனக்குறைவினாலும் எல்லைகள் தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டபடியால்' என்று ஒரு வரி வந்தது. சுற்றிலும் கூட்டம். அதில் எனக்குத் தெரிந்த முகங்கள் நாலைந்து. நான் குனிந்து, "அறியாமைங்கிறத எடுத்துட்டு 'கைத்தவறுதலாக'ன்னு போடலாமா?" என்று கேட்டேன். எழுத்தர் என் மனைவியைப் பார்த்தார்.

"போட்டுக்கங்க" என்றாள் அவள், பெரிய மனதோடு. "ஆனா கவனக்குறைவு இருக்கட்டும்."

மச்சான் கையெழுத்துப் போட்டுப் பெருவிரல் ரேகையும் வைத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், சிறிய எழுத்தில்.

அந்த வருட மழைக்கு முன்னால், சங்கத்துக் கடனை முடித்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி, மேல்தளத்துக்கு மட்டும் ஒரு வங்கியில் சின்னக் கடன் வாங்கினோம். மனைவி காகிதத்தை மறுபடியும் வக்கீலம்மாவிடம் எடுத்துப் போனாள். நான் கேட்காமலே போய் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். இந்த முறை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லையாம். எனக்கு லேசான ஏமாற்றமாகக்கூட இருந்தது. தளம் போட்டோம். மழை பெய்தது, வாளிகள் குளியலறைக்குத் திரும்பின.

லாட்ஜ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். விழுந்து நொறுங்கியது, நாங்கள் தப்பித்தோம் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சிநேகிதருக்குக் காரைக்குடிப் பக்கம் வேறொரு கூட்டாளி கிடைத்தார். நாலு தளம் எழும்பியது. நன்றாகவே ஓடுகிறது. இரண்டு வருடம் முகம் கொடுக்காமல் இருந்த அவர், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து மறுபடியும் காப்பி குடித்தார்.

அதன் பிறகு ஒரு தை அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போனபோது அவர் லாட்ஜில்தான் தங்கினோம். மூன்றாவது தளத்தில் கடல் பார்த்த அறை. வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். மனைவி குழாயைத் திறந்து பார்த்தாள், கட்டிலைத் தட்டிப் பார்த்தாள், ஜன்னல் கொண்டியைப் போட்டு எடுத்தாள்.

"நல்லாக் கட்டியிருக்காரு" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கீழே வடநாட்டு யாத்ரீகர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் அறை கிடைத்திருக்கும். "கையெழுத்துப் போட்டிருந்தா இதுல பாதி நம்மளுது" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனாலும் சொன்னேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஈரச் சேலையைக் கொடியில் விரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இருந்திருக்கும். ஓடாமப் போயிருந்தா வீடு போயிருக்கும். ரெண்டுல எது நடக்கும்னு அன்னைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்னத்துல கையெழுத்துப் போடுறேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு அது போதும்."

கோயிலுக்குக் கிளம்பும் முன் டீ குடித்துவிடலாமா என்று கேட்டேன். சீனி கம்மியாக வாங்கி வரச் சொன்னாள். படி இறங்கிப் போனேன்.